எந்த மீனை விட்டுவிடுவது? தூண்டிலும் நீள வரம்பும்



‘கடல் வளத்தைக் காப்போம்’ என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பத்துக் கட்டுரையில் ஏழிலாவது இந்த வாக்கியம் வந்துவிடும்: ‘சிறிய மீன்களை விட்டுவிட்டுப் பெரிய மீன்களை மட்டுமே பிடிக்க வேண்டும்.’ படிக்கும்போது சரியாகத்தான் தெரியும். குஞ்சு பிழைக்கட்டும், பெரியது குழம்புக்கு வரட்டும். இதில் என்ன தப்பு?

தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இது பாதி உண்மைதான். மீதிப் பாதியையும் தெரிந்துகொண்டால் உங்கள் கட்டுரையில் ஒரு நல்ல பத்தி கூடும். தூண்டில் போடுகிற பழக்கம் உள்ளவர் என்றால், அடுத்த முறை மீனைக் கையில் எடுக்கும்போது கொஞ்சம் யோசிப்பீர்கள்.

தூண்டில்காரரும் கணக்கில் உண்டு

மீன்வளம் குறைவதற்கு நம் மாணவர்கள் எழுதும் காரணங்களில் இழுவலைப் படகு இருக்கும், தொழிற்சாலைக் கழிவு இருக்கும், நெகிழிக் குப்பை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தூண்டிலோடு கரையில் நிற்பவர் மட்டும் இருக்க மாட்டார். ‘ஒரு ஆள், ஒரு தூண்டில், ரெண்டு மீன். இதுனால கடல் காலியாயிடுமா டீச்சர்?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதில், எத்தனை பேர் அப்படி நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஸ்ட்ரைப்ட் பாஸ் என்று ஒரு மீன் இருக்கிறது. வெள்ளி நிற உடம்பில் தலையிலிருந்து வால்வரை கறுப்புக் கோடுகள் ஓடும். எளிமைக்காக இதை வரிமீன் என்றே சொல்வோம். கடலில் வாழும், வசந்த காலத்தில் ஆறுகளுக்குள் ஏறி வந்து முட்டையிடும். முப்பது ஆண்டுகள்வரைகூட வாழும். அங்குள்ள தூண்டில்காரர்களுக்கு இதைவிடப் பிரியமான மீன் வேறு கிடையாது என்றே சொல்லலாம்.

2017ஆம் ஆண்டுக் கணக்கின்படி, மனிதரால் இறந்த வரிமீன்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களின் கையால் இறந்தவை. வணிக மீனவர்களின் பங்கு பத்தில் ஒன்றுதான். ஒருவர் பிடிப்பது கொஞ்சம்தான். அதையே லட்சக்கணக்கானோர் செய்தால் அது ஒரு பெரிய கப்பற்படைக்குச் சமம். சிறு துளி பெருவெள்ளம் என்று நாம் சேமிப்புக்குச் சொல்வோம். செலவுக்கும் அது பொருந்தும்.

முதல் வீழ்ச்சியும் ஒரு குஞ்சுக் கூட்டமும்

வரிமீனின் கதையில் இரண்டு வீழ்ச்சிகள் உண்டு. முதல் வீழ்ச்சி 1970களில் தொடங்கியது. 1973இல் வணிக மீனவர்கள் பிடித்தது ஏறத்தாழ 15 மில்லியன் பவுண்டு. பத்தே ஆண்டில், 1983இல், அது 3.5 மில்லியன் பவுண்டாகச் சுருங்கியது. கட்டுப்பாடில்லாத மீன்பிடிப்பு முக்கியக் காரணம். முட்டையிடும் ஆறுகளின் நீர்த்தரம் கெட்டதும் சேர்ந்துகொண்டது.

1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்த ஒரு மீனுக்காகவே தனிச் சட்டம் இயற்றியது. இந்த மீன்களுக்கு முக்கியத் தாய்வீடான செசபீக் விரிகுடாவைக் கொண்ட மேரிலாந்து மாநிலம், 1985 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு வரிமீன் பிடிப்பதையே தடை செய்தது.

இங்கேதான் நீள வரம்பு கதைக்குள் வருகிறது. 1982ஆம் ஆண்டு பிறந்த குஞ்சுகள் ஓரளவு நன்றாகத் தேறியிருந்தன. ஒரே ஆண்டில் பிறந்து ஒன்றாக வளரும் மீன்களை ஓராண்டுக் கூட்டம் என்று சொல்லலாம், பள்ளியில் ஒரே ஆண்டில் முதலாம் ஆண்டு சேர்ந்த மாணவர்களைப் போல. கரையோர மாநிலங்கள் சேர்ந்து ஓர் இலக்கை வைத்தன: 1982 கூட்டத்திலும் அதற்குப் பின் பிறந்த கூட்டங்களிலும் உள்ள பெண் மீன்களில் 95 விழுக்காடு, ஒரு முறையாவது முட்டையிட்டு முடிக்கும்வரை யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

எப்படிச் செய்வது? மீனின் வயதைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. நீளத்தைச் சொல்ல முடியும். ஆகவே 1982இல் பிறந்த மீன் வளர வளர, பிடிக்கக்கூடிய குறைந்தபட்ச நீளத்தையும் உயர்த்திக்கொண்டே போனார்கள். மீன் ஓடியது, விதி அதற்கு முன்னால் ஓடியது!

பலன் கிடைத்தது. 1990இல் கட்டுப்பாட்டோடு மீண்டும் தூண்டில் போட அனுமதித்தார்கள். 1995இல் வரிமீன் வளம் மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். மீன்வள மேலாண்மையின் வெற்றிக் கதை என்று பலரும் இதைச் சொல்வார்கள்.

ஆக, குறைந்தபட்ச நீள வரம்பின் நோக்கம் எளிமையானது: ஒவ்வொரு மீனும் சாவதற்கு முன் ஒரு முறையாவது இனம்பெருக்கட்டும். ‘சிறிய மீனை விட்டுவிடு’ என்ற நம் மாணவர் வாக்கியம் இந்த அளவுக்குச் சரியானதே.

பெரிய மீன் ஏன் பெரிய விஷயம்?

1995க்குப் பிறகு கடலோரத்தில் பொதுவாக இருந்த விதி இது: 28 அங்குலம், அதாவது ஏறத்தாழ 71 செண்டிமீட்டர், அதற்கு மேல் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். மேல் வரம்பு பெரும்பாலும் இல்லை. எவ்வளவு பெரிய மீனோ அவ்வளவு பெருமை. படம் எடுத்துப் போட்டால் ஊரே பார்க்கும்.

ஆனால் 14 கிலோவுக்கு மேல் எடையுள்ள வரிமீன்கள் ஏறத்தாழ எல்லாமே பெண்தான். ஆறு வயதுப் பெண் மீன் ஒன்று ஓராண்டில் சுமார் 5 லட்சம் முட்டையிடும். பதினைந்து வயதுப் பெண் மீன் 30 லட்சத்துக்கும் மேல். வயது இரண்டரை மடங்குதான் கூடியிருக்கிறது. முட்டை ஆறு மடங்கு கூடிவிட்டது. ஒரு பெரிய தாயைப் பிடித்தால் ஆறு இளம் தாய்களின் முட்டை போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. எல்லா வசந்தமும் வரிமீனுக்கு நல்ல வசந்தமாக இருப்பதில்லை. குளிரும் மழையும் நன்றாக இருந்த ஆண்டில் குஞ்சுகள் பெருகும். குளிர் குறைந்து ஆற்றில் நீரும் குறைந்த ஆண்டில் பெரும்பாலானவை மடிந்துபோகும். நான்கைந்து ஆண்டு தொடர்ந்து மோசமாகவும் இருக்கலாம். நீண்ட நாள் வாழும் தாய் மீன் அந்தக் கெட்ட ஆண்டுகளைத் தாண்டி, அடுத்த நல்ல ஆண்டுவரை காத்திருந்து முட்டையிடும். பஞ்ச காலத்திலும் விவசாயி விதைநெல்லில் கை வைக்க மாட்டார், இல்லீங்களா? கடலின் விதைநெல் இந்தப் பெரிய மீன்கள்தான்.

பெரியதை மட்டுமே எடுப்பதில் மூன்றாவதாக ஒரு சிக்கல் இருக்கிறது. டேவிட் கனோவர், ஸ்டீபன் மன்ச் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2002இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். விரல் நீளமே உள்ள சில்வர்சைடு என்ற சின்ன மீனைத் தொட்டிகளில் வளர்த்தார்கள். சில தொட்டிகளில் ஒவ்வொரு தலைமுறையிலும் பெரிய மீன்களாகப் பார்த்து 90 விழுக்காட்டை அகற்றினார்கள். வேறு சில தொட்டிகளில் சிறிய மீன்களாகப் பார்த்து அதே அளவு அகற்றினார்கள். நான்கே தலைமுறைதான். பெரியதை அகற்றிய தொட்டி மீன்களின் சராசரி எடை, சிறியதை அகற்றிய தொட்டி மீன்களின் எடையில் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது.

ஏன்? வேகமாக வளர்ந்தவை பிடிபட்டன. மெதுவாக வளர்ந்தவை தப்பித்து முட்டையிட்டன. குஞ்சுகளும் அதே மெதுவான வளர்ச்சியோடு பிறந்தன. கடலில் நடப்பது தொட்டிச் சோதனையைப் போல அவ்வளவு துல்லியமாக இருக்காது. இருந்தாலும், எதைப் பிடிக்கிறோம் என்பது எது பிறக்கும் என்பதையும் மாற்றக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு

இரண்டாவது வீழ்ச்சி 2019இல் அதிகாரப்பூர்வமாகத் தெரிய வந்தது. அந்த ஆண்டு வெளியான மதிப்பீட்டின்படி, 2017இல் முட்டையிடும் பெண் வரிமீன்களின் மொத்த எடை 151 மில்லியன் பவுண்டு. இதற்குக் கீழே போகக் கூடாது என்று வைத்திருந்த எல்லையோ 202 மில்லியன் பவுண்டு.

2020இல் விதி மாறியது. கடலில் 28 அங்குலம் முதல் 35 அங்குலத்துக்குள் உள்ள மீனை மட்டுமே எடுக்கலாம், அதாவது ஏறத்தாழ 71 முதல் 89 செண்டிமீட்டர். அதற்குக் கீழேயும் மேலேயும் உள்ளவை தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மீன்தான். கீழ் வரம்பும் மேல் வரம்பும் சேர்ந்த இந்த ஏற்பாட்டை இடைவரம்பு என்று சொல்லலாம். குஞ்சுக்கும் பாதுகாப்பு, தாய்க்கும் பாதுகாப்பு. நடுவில் உள்ளது மனிதருக்கு.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. 2022இல் தூண்டில்காரர்கள் எடுத்துச் சென்ற வரிமீன், முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ இரு மடங்காகிவிட்டது. யாரும் சட்டத்தை மீற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. 2015இல் பிறந்த ஒரு பெரிய கூட்டம் அப்போதுதான் வளர்ந்து, சரியாக அந்த 71-89 இடைவெளிக்குள் வந்து நின்றது. எல்லாத் தூண்டிலும் அந்த ஒரு கூட்டத்தின் மேலேயே விழுந்தது. 2023இல் அவசர நடவடிக்கையாக மேல் வரம்பை 31 அங்குலத்துக்கு, அதாவது 79 செண்டிமீட்டருக்கு, இறக்கினார்கள். 18 செண்டிமீட்டர் அகலமாக இருந்த வாசல் 8 செண்டிமீட்டராகக் குறுகியது.

1982 கூட்டத்தைக் காத்ததைப் போல 2015 கூட்டத்தையும் காக்க வேண்டிய நிலை. அதற்கும் காரணம் இருக்கிறது: செசபீக் விரிகுடாவில் 2019 முதல் பல ஆண்டுகளாகக் குஞ்சுகளின் எண்ணிக்கை சராசரிக்கு வெகு கீழே இருந்து வருகிறது. பின்னால் வரிசையில் யாரும் நிற்கவில்லை என்றால், முன்னால் நிற்பவர்தான் குடும்பத்தின் நம்பிக்கை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது: நீள வரம்பு எந்த மீன் சாகலாம் என்பதைத்தான் சொல்லும். எத்தனை மீன் சாகலாம் என்பதை அது தானாகக் கட்டுப்படுத்தாது. அதற்கு நாள் வரம்பு, பருவத் தடை போன்ற மற்ற விதிகளும் வேண்டும்.

நம் சந்தை மீனிடம் ஒரு பாடம்

வரிமீன் நமக்குத் தூரத்து உறவு. பக்கத்து வீட்டு உறவுக்கு வருவோம். மலேசியாவில் சியாக்காப் என்று கேட்டு வாங்கும் மீனைத் தமிழில் கொடுவா என்போம். சீன உணவகத்தில் புளிப்பும் காரமுமாக ஆவியில் வேகவைத்துத் தட்டோடு வருமே, அதேதான். நம்மிடம் விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி பண்ணையில் வளர்ந்தது. இதே இனம் வட ஆஸ்திரேலியாவின் ஆறுகளிலும் முகத்துவாரங்களிலும் வாழ்கிறது. அங்கே அதன் பெயர் பாராமுண்டி. தூண்டில்காரர்களின் கனவு மீன்.

கொடுவாவுக்கு ஒரு விந்தையான வாழ்க்கை. பெரும்பாலும் ஆணாகவே முதிர்ச்சி அடையும். சில ஆண்டுகள் ஆணாக இருந்து, ஏறத்தாழ 80 செண்டிமீட்டரைத் தாண்டி 1 மீட்டரை நெருங்கும் கட்டத்தில் பெண்ணாக மாறும். ஆகவே கொடுவாவில் ‘பெரிய மீன்’ என்றால் பெரும்பாலும் ‘தாய் மீன்’ என்றே பொருள்.

இப்போது நம் மாணவர் வாக்கியத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ‘பெரிய மீன்களை மட்டுமே பிடிக்க வேண்டும்.’ அப்படிச் செய்தால் ஆற்றில் ஆண் கொடுவா மட்டும்தான் மிஞ்சும்!

ஆஸ்திரேலிய மாநிலங்கள் இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. குவீன்ஸ்லாந்தில் 58 முதல் 120 செண்டிமீட்டருக்குள் உள்ள கொடுவாவை மட்டும் எடுக்கலாம். மேற்கு ஆஸ்திரேலியாவில் இந்த இடைவெளி இன்னும் குறுகலானது: 55 முதல் 80 செண்டிமீட்டர். மீன் பெண்ணாக மாறத் தொடங்கும் அளவை நெருங்கும்போதே அங்கே வாசலைச் சாத்திவிடுகிறார்கள். ஒரே மீன், இரண்டு மாநிலம், இரண்டு கணக்கு.

கெராப்பு என்று விற்கும் கலவா மீன்களில் பல இனங்கள் இதற்கு நேர் எதிர். அவை பெண்ணாகத் தொடங்கிப் பின்னர் ஆணாக மாறுபவை. அங்கே பெரியதை எல்லாம் பிடித்தால் ஆண் மீன் அற்றுப்போகும். அதனால் எல்லா மீனுக்கும் ஒரே விதி பொருந்தாது. விதி எழுதுவதற்கு முன் அந்த மீனின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

விட்ட மீன் பிழைக்குமா?

நீள வரம்பு முழுவதும் ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: விட்டுவிட்ட மீன் உயிரோடு நீந்திப் போகும். எல்லா மீனும் அப்படிப் போவதில்லை.

வரிமீன் மதிப்பீட்டில், விடுவித்த மீன்களில் 9 விழுக்காடு பிறகு இறந்துவிடும் என்று கணக்கிடுகிறார்கள். சிறிய எண்ணாகத் தெரியலாம். 2017இல் தூண்டில்காரர்கள் பிடித்துத் திரும்ப விட்ட வரிமீன்கள் ஏறத்தாழ 38 மில்லியன். அதில் 9 விழுக்காடு என்றால் சுமார் 3.4 மில்லியன் மீன்கள். அந்த ஆண்டு மனிதரால் இறந்த வரிமீன்களில் இது 48 விழுக்காடு. தூண்டில்காரர்கள் எடுத்துப் போன மீனைவிட, அவர்கள் நல்லெண்ணத்தோடு விட்டு இறந்த மீன் அதிகம்.

இடைவரம்பு குறுகக் குறுக, விடவேண்டிய மீன்களும் கூடுகின்றன. ஆகவே விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது:

- உயிர் இரையோ வெட்டிய இரையோ வைத்தால் வளைந்த வட்டமுள் பயன்படுத்த வேண்டும். அது பெரும்பாலும் மீனின் வாயோரத்தில் மாட்டும். தொண்டைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் இறங்குவது குறைவு. வரிமீனுக்கு 2021 முதல் இது கட்டாயம்.
- மீனை நீண்ட நேரம் போராட வைத்துக் களைப்படையச் செய்யக் கூடாது.
- கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும். காய்ந்த கையும் துணியும் மீனின் மேல் உள்ள வழவழப்பான படலத்தை உரித்துவிடும். கிருமிகளைத் தடுப்பது அந்தப் படலம்தான்.
- பெரிய மீனை வாயைப் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்குக் கீழே கை கொடுத்துத் தாங்க வேண்டும்.
- அளவுகோலை முன்னமேயே தயாராக வைத்திருக்க வேண்டும். படம் எடுக்க வேண்டுமானால் சட்டென்று எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட வேண்டும். நாம் நீருக்கடியில் எவ்வளவு நேரம் மூச்சுப் பிடிப்போமோ, அதை நினைத்துக்கொண்டால் போதும்.
- தண்ணீர் மிகவும் சூடாக இருக்கும் நாளில், விடுவதற்காகவே பிடிக்கும் விளையாட்டைத் தவிர்ப்பது நல்லது. சூடான நீரில் உயிர்வளி குறைவு. களைத்த மீன் தேறுவது கடினம்.

கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு

இப்போது அந்த வாக்கியத்துக்குத் திரும்பலாம். ‘சிறிய மீன்களை விட்டுவிட்டுப் பெரிய மீன்களை மட்டுமே பிடிக்க வேண்டும்’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஒரு முறையாவது இனம்பெருக்க வேண்டிய இளம் மீன்களையும், அதிக முட்டையிடும் முதிர்ந்த மீன்களையும் விடுவித்து, இடைப்பட்ட அளவுள்ள மீன்களை அளவோடு பிடித்தால் மீன்வளம் நிலைத்திருக்க வழியுண்டு. எனினும், ஒவ்வொரு மீனினத்தின் வாழ்க்கை முறைக்கு ஏற்ப இந்த அளவு வேறுபடும்.’

இரண்டாவது வாக்கியத்தில் உள்ள ‘எனினும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு கருத்தைச் சொல்லி, அதன் எல்லையையும் சொல்வதற்கு அது உதவுகிறது. கருத்துரைக்கும் கட்டுரையில் இத்தகைய வாக்கியம், சிந்தித்து எழுதியவர் என்பதைக் காட்டும்.

பயன்படுத்தக்கூடிய சொற்கள்:

- குறைந்தபட்ச நீள வரம்பு: இதற்குக் குறைவான நீளமுள்ள மீனை எடுக்கக் கூடாது.
- உச்ச நீள வரம்பு: இதற்கு மேற்பட்ட நீளமுள்ள மீனை எடுக்கக் கூடாது.
- இடைவரம்பு: மேற்கண்ட இரண்டுக்கும் இடைப்பட்டதை மட்டும் எடுக்கலாம்.
- நாள் வரம்பு: ஒருவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய மீன்களின் எண்ணிக்கை.
- ஓராண்டுக் கூட்டம்: ஒரே ஆண்டில் பிறந்த மீன்கள்.
- விடுவிப்புக்குப் பின் இறப்பு: பிடித்துத் திரும்ப விட்ட மீன் பிறகு இறத்தல்.

வகுப்பில் கலந்துரையாட

1. 2022இல் யாரும் விதியை மீறாமலேயே வரிமீன் பிடிப்பு ஏன் இரு மடங்கானது? உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குக.
2. கொடுவாவுக்குப் பொருந்தும் நீள வரம்பு கலவா மீனுக்கு அப்படியே பொருந்துமா? காரணம் தருக.
3. ‘பிடித்து விட்டுவிடுவதால் மீனுக்கு எந்தக் கெடுதலும் இல்லை.’ இக்கூற்றை ஆதரித்தோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக. கட்டுரையில் உள்ள எண்களில் ஒன்றையாவது பயன்படுத்துக.
4. உங்கள் வட்டாரத்தில் ஒரு மீனுக்கு நீள வரம்பு வைக்கும் பொறுப்பை உங்களிடம் கொடுத்தால், முதலில் அந்த மீனைப் பற்றி என்னென்ன கேள்விகள் கேட்பீர்கள்? ஐந்து கேள்விகளைப் பட்டியலிடுக.

நான்காவது கேள்விக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள், ஆசிரியர்களே. தூண்டில் போடும் அப்பாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், அவர்களையும் கேட்டு வரச் சொல்லுங்கள். எந்த மாதம் எந்த மீன் சினையோடு வரும், முன்பு எந்த அளவு கிடைத்தது, இப்போது எந்த அளவு கிடைக்கிறது என்பதெல்லாம் பாடநூலில் இருக்காது, அவர்களிடம் இருக்கும்.